ஒரு பிடி மண்ணில் புறப்படும் மாடன்

கோவில்பட்டியில் குழாயைத் திறந்தால் கொட்டுவது சீவலப்பேரித் தண்ணீர். பொதிகையில் பிறந்து வரும் தாமிரபரணியைச் சீவலப்பேரியில் இறைத்துத்தான் கரிசல் காட்டுக்கு அனுப்புகிறார்கள். ஊரைவிட்டு வெளியே போகும் இன்னொரு சரக்குக்குக் குழாயும் வேண்டாம், மோட்டாரும் வேண்டாம். ஒரு பிடி மண். அதைத் துணியில் முடிந்து, மடியில் வைத்துக்கொண்டு, சொந்த ஊருக்குக் கொண்டுபோய் நிலத்தில் இட்டு மேலே பூடம் எழுப்பிவிட்டால் சுடலைமாடன் அங்கே குடியேறிவிட்டார் என்று கணக்கு.

பிடிமண் என்பது இதன் பெயர். நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களில் சுடலை இல்லாத ஊரைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஊருக்குள், ஊருக்கு வெளியே, குளத்தங்கரையில், சுடுகாட்டுப் பாதையில், ஒற்றைப் பனை மூட்டில் என்று எங்கும் நிற்கிறார். எங்கிருந்து வந்தவர் என்று கேட்டால் பல இடங்களில் கை நீளும் திசை சீவலப்பேரி.

பாளையங்கோட்டையிலிருந்து வடகிழக்கே பதினைந்து கிலோமீட்டர் சொச்சம். ஒரு பக்கம் வாழையும் நெல்லும், சற்றுத் தள்ளினால் உடைமரம் மண்டிய பொட்டல். ஆற்றை நம்பிய நிலமும் மழையை நம்பிய நிலமும் மாறி மாறி வரும் சாலை. ஸ்ரீவல்லபன் என்ற பட்டம் கொண்ட பாண்டியன் பெயரால் அமைந்த பேரேரி ஒன்று ஸ்ரீவல்லபப் பேரேரியாகி, வாய்க்கு வாய் தேய்ந்து சீவலப்பேரியானது. வெற்றிலைக்கு உரிய சீவலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இந்த ஊருக்கு முக்கூடல் என்றும் ஒரு பெயர் இருந்தது. தாமிரபரணியும், குற்றாலத்திலிருந்து இறங்கி வரும் சிற்றாறும், கயத்தாற்றுப் பக்கமிருந்து வரும் கோதண்டராம நதியும் கூடுகிற துறை இது. முக்கூடற்பள்ளு பாடும் அழகர் இங்கே உள்ளவர். அதில் மூத்த பள்ளி முக்கூடல்காரி, இளையவள் மருதூர்க்காரி. அந்த மருதூர் அணைக்கட்டும் ஆற்றோடு சற்றுக் கீழே போனால் வந்துவிடும். பள்ளு படித்த ஆர்வத்தில் பேருந்து நிலையத்தில் போய் “முக்கூடல்” என்று கேட்டு ஏறிவிடக் கூடாது. அம்பாசமுத்திரம் பக்கத்துப் பீடி ஊரில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள்.

தமிழ்நாட்டின் பிற பகுதிகளில் சீவலப்பேரி என்றால் உடனே ‘பாண்டி’ என்று முடித்து வைப்பார்கள். இந்த ஊர்ப் பாண்டி என்பவரைப் பற்றிச் சௌபா ஜூனியர் விகடனில் எழுதிய தொடரும், 1994இல் நெப்போலியன் நடித்து வந்த படமும் செய்த வேலை. ஊர்க்காரர்களைக் கேட்டால் முதலில் மாடன், பிறகு துர்க்கை அம்மன், அழகர் என்றுதான் வரிசை வரும்.

சுடலையின் பிறப்புக் கதை கைலாசத்தில் தொடங்கிச் சுடுகாட்டில் வந்து நிற்கிறது. பார்வதிக்குப் பிள்ளை வேண்டும். தூண்டாமணி விளக்கிலிருந்து தெறித்த சுடரை முந்தானையில் ஏந்துகிறாள். முதலில் உருவமில்லாத பிண்டம், பிறகு உயிர் பெற்ற குழந்தை. அந்தக் குழந்தைக்குத் தாய்ப்பால் போதவில்லை. நள்ளிரவில் எழுந்துபோய் மயானத்தில் எரியும் பிணத்தைத் தின்றுவிட்டு விடியுமுன் வந்து தொட்டிலில் படுத்துக்கொள்கிறது. பிணம் தின்ற பிள்ளையைக் கைலாசத்தில் வைத்திருக்க முடியாது என்று வரமும் கொடுத்துப் பூலோகத்துக்கு அனுப்பி வைக்கிறார்கள். மாடன் மலையாள நாட்டுக்குப் போகிறார். பகவதியின் புதையலுக்குக் காவல் இருக்கிறார். மந்திரவாதி காளிப்புலையன் அதைக் களவாட, அவன் மகள் மாவிசக்கியை வைத்தே மாடன் பழி தீர்க்கிறார். சூலியான மகளைத் தகப்பன் கையாலேயே பலி வாங்கும் கட்டம் வரும்போது, வில்லுப்பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும் பெண்கள் பலர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். கதையில் ஊருக்கு ஊர் மாற்றம் உண்டு. அந்தக் கட்டத்தின் கொடூரம் மட்டும் எங்கும் குறைவதில்லை.

இப்படிப்பட்ட ஒருவரையா காவலுக்கு வைத்தார்கள் என்று வெளியூர்க்காரருக்குத் தோன்றலாம். நெல்லைச் சீமையில் இதற்குக் குழப்பமே இல்லை. திருடனும் பேயும் கண்டு ஓட வேண்டிய ஆளைத்தான் எல்லையில் நிறுத்த முடியும்.

கொடை என்பது விழாவின் பெயர். பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வமான சாத்தாவின் கோயிலில் கூடுவது ஒன்று, கொடை வேறு. மாடனுக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துத் தீர்ப்பது கொடை. அதற்கு வரி பிரிக்கிறார்கள், தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று. வரி கொடுத்தவர்தான் வரிதாரர். அவர் மும்பையில் கடை வைத்திருந்தாலும் துபாயில் வெல்டிங் அடித்தாலும் பெயர் நோட்டில் இருக்கும். முன்பு மணியார்டரில் வந்த பணம் இன்று கைபேசியில் வருகிறது. அறுவடை முடிந்து கையில் காசு இருக்கும் கோடையில் தொடங்கி ஆவணி வரை இது ஓடும். அந்த மாதங்களில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு இந்தப் பள்ளத்தாக்கில் எங்கே நின்றாலும் ஏதாவது ஒரு திசையில் நையாண்டி மேளம் கேட்கும்.

முதலில் கால்நாட்டு. அன்றிலிருந்து சாமியாடுகிறவர் விரதம். கொடைக்கு முன்னிரவில் குடியழைப்பு. மாடனையும் அவர் கூட்டத்தையும் முறைப்படி வரச் சொல்வது. கூட்டம் பெரியது. பேச்சியம்மன், பிரம்மசக்தி, இசக்கி, முண்டன், தளவாய் மாடன், கசமாடன், புலமாடன், பலவேசக்காரன் என்று இருபத்தோரு பந்தித் தெய்வங்கள் என்பார்கள். ஊருக்கு ஊர் பட்டியல் மாறும், இருபத்தொன்று மட்டும் மாறாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பூடம்: சுதை பூசிய, மேலே ஒடுங்கிய கூம்பு. பழைய கோயில்களில் சிலை கிடையாது. மஞ்சணை பூசி மாலை சாத்தி வல்லயம் என்னும் ஈட்டியைப் பக்கத்தில் குத்தி வைத்தால் அந்தக் கூம்புக்கு வந்துவிடும் மிடுக்கைக் கிரானைட் சிலை எதுவும் தர முடியாது. இப்போது பல ஊர்களில் பூடம் இருந்த இடத்தில் மீசை முறுக்கிய வண்ணச் சிலையும், மேலே கோபுரமும், வெளியே இரும்புக் கேட்டும் வந்துவிட்டன. வசதி வந்ததன் அடையாளம்; குறை சொல்லிப் பயனில்லை. மாடனுக்குப் பெரிய கோயில் கட்டுவதைக் கேலி செய்யும் ஜெயமோகனின் ‘மாடன் மோட்சம்’ சிறுகதை படித்தவர்களுக்கு மட்டும் அந்தக் கோபுரங்களைப் பார்க்கும்போது சிரிப்பை அடக்குவது சிரமம்.

வில்லுப்பாட்டு மேடை மாடனைப் பார்த்துத்தான் போடப்படும். வில்லிசைக்கு முதல் ரசிகர் அவர். நீண்ட வில், நாணில் வெண்கல மணிகள், கீழே குடம், பக்கத்தில் உடுக்கு, கட்டை, ஜால்ரா. புலவர் வீசுகோலால் நாணில் தட்டிக்கொண்டே கைலாசத்தைப் பாடத் தொடங்குவார். எதிரே கோமரத்தாடி, அதாவது சாமியாடுகிறவர், அமைதியாக உட்கார்ந்திருப்பார். பகலில் அவர் டிராக்டர் ஓட்டுகிறவராகவோ கடை வைத்திருப்பவராகவோ இருக்கலாம். பாட்டில் விளக்குச் சுடர் முந்தானையில் விழும் இடம் நெருங்கும்போது அவர் கட்டைவிரல் முதலில் ஆடும். பிறகு முழங்கால். பாட்டு வேகமெடுக்கும், குடத்தின் அடி மாறும், மேளக்காரர்கள் எழுந்து நிற்பார்கள். மாடன் பாட்டிலே பிறக்கும்போது இங்கே ஓர் ஆள் துள்ளி எழுவார். சல்லடமும் கச்சையும் குல்லாவும் மாட்டி, கையில் வல்லயமோ தீப்பந்தமோ கொடுத்துவிட்டால், அதன்பின் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட யாருக்கும் வாய் வராது. பெற்ற தாய்கூட “சாமி” என்றுதான் அழைப்பாள்.

வில்லுப்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988இல் வெளியிட்ட நூலில் இந்தக் கதைகளைப் பிறப்புக் கதை, இறப்புக் கதை என்று இரண்டாகப் பார்த்தார். கைலாசத்தில் பிறந்து இறங்கியவர்கள் ஒரு வகை. மண்ணில் பிறந்து அநியாயமாகச் செத்துத் தெய்வமானவர்கள் இன்னொரு வகை. இரண்டாவதற்கு ஆற்றோடு மேலே போனால் சாட்சி கிடைக்கும்: பாபநாசம் மலையில் சொரிமுத்து அய்யனார் கோயிலில் முத்துப்பட்டன் இருக்கிறார். பிராமணனாகப் பிறந்து, சக்கிலியர் குலத்துப் பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணந்து, மாடு கவர வந்தவர்களோடு சண்டையிட்டு மாண்டவர்.

வில்லுக்குப் பக்கத்தில் இன்னொரு கூட்டம் நிற்கும். கணியான் கூத்து, அல்லது மகுடாட்டம். அண்ணாவி பாட, பெண்வேடமிட்ட இருவர் ஆட, மகுடம் என்னும் பறைகள் இரண்டு முழங்கும். ஒன்று மந்தம், ஒன்று உச்சம். அரசுப் பட்டியலில் பழங்குடியாக உள்ள கணியான் சமூகத்தாருக்கே உரிய கலை இது. மாடனுக்கு இவர்கள் இல்லாமல் கொடை நிறையாது என்பது பழைய நம்பிக்கை. சாமத்தில் கணியான் தன் கையைக் கீறி இரத்தம் கொடுக்கும் ‘கைவெட்டு’ உண்டு. சோறும் அந்த இரத்தமும் சேர்ந்த உருண்டைக்குத் திரளை என்று பெயர். மயானத்தில் அதை இருட்டுக்குள் மேலே எறிவார்கள். எறிந்தது தரைக்குத் திரும்புவதில்லை என்பார்கள். டார்ச் அடித்துத் தேடிப் பார்க்கும் வழக்கம் எந்த ஊரிலும் இல்லை.

சாமக்கொடைதான் உச்சம். படப்பு என்பது சோறும் கறியும் முட்டையும் காய்களும் குவித்துப் போடும் மலை. பக்கத்தில் சுருட்டும் சாராயமும். கிடா வெட்டு முடிந்ததும் மாடன் வேட்டைக்குக் கிளம்புவார். தீப்பந்தம் முன்னால் ஓட, மேளம் ஒரு கட்டத்தில் நின்றுவிட, சுடுகாட்டை நோக்கி இருட்டில் போய்த் திரும்புவார். வழியிலுள்ள வீடுகளில் கதவு சாத்தியிருக்கும். திரும்பியதும் வாக்கு. திருநீறு வாங்க நிற்கும் வரிசையில் ஊர்ப் பெரியவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: கொடையில் குறை உண்டா? குறை இருந்தால் சாமி முகத்துக்கு நேரே சொல்லிவிடும். வரிப் பணத்தில் கை வைத்தவர்கள் அந்த நேரம் வரிசையில் நிற்க மாட்டார்கள்.

சிங்கப்பூரிலோ பினாங்கிலோ இருந்துவிட்டு வந்த நெல்லைக்காரர் யாராவது இந்தக் கூட்டத்தில் நின்றால் அவருக்கு இதில் பாதி ஏற்கெனவே பார்த்ததாகத் தோன்றும். ஏறக்குறைய ஆடி, ஆவணியை ஒட்டி வரும் சீனர்களின் ஏழாம் மாதத்தில் அங்கே தெருவோர மேடைகளில் பாட்டுக் கச்சேரி நடக்கும். முன்வரிசை நாற்காலிகளைக் காலியாக விட்டிருப்பார்கள், அவை ஆவிகளுக்கு. தெரியாமல் போய் உட்கார்ந்த தமிழர்களை ஓடிவந்து எழுப்பிவிடுவது அங்கே சகஜம். சாமியாடியும் அங்கே உண்டு, ‘தாங்கி’ என்று பெயர். அருள் வந்ததும் நாக்கைக் கீறி, வரும் இரத்தத்தில் தாயத்துச் சீட்டு எழுதித் தருகிறவர்கள் அவர்களில் இருந்தார்கள். கணியானின் கைவெட்டுக்கும் இதற்கும் கொள்வினை கொடுப்பினை இருந்ததாகச் சொல்ல ஆதாரம் எதுவும் கிடையாது. கடவுளிடம் கேட்கிறவன் தன் உடம்பிலிருந்து ஏதாவது கொடுத்தாக வேண்டும் என்ற எண்ணம் இரண்டு கரைகளிலும் தானாக முளைத்திருக்கிறது.

பிடிமண்ணுக்கும் சீனத்தில் அண்ணன் தம்பி முறை உண்டு. அங்கே மண்ணுக்குப் பதில் சாம்பல். தாய்க் கோயிலின் ஊதுவத்திக் கிண்ணத்திலிருந்து சாம்பலை அள்ளிக்கொண்டு போய்ப் புதுக் கோயிலின் கிண்ணத்தில் இட்டால் தெய்வம் அங்கே வந்துவிடும். ‘ஃபென்ஷியாங்’, ஊதுவத்தியைப் பங்கு பிரித்தல். ஃபூஜியன் கரையோரத்து மெய்சோ தீவில் இளவயதில் மறைந்து கடல் காக்கும் தெய்வமான மாசு, இப்படிச் சாம்பலாகக் கப்பலேறித்தான் தைவானுக்கும் மலாக்காவுக்கும் போனாள். கிளைக் கோயில் பழசானால் அதன் சக்தி குறையும், தாய்க் கோயிலுக்குப் போய் மீண்டும் நெருப்புக் காட்டிவர வேண்டும் என்பது விதி. தைவானில் தாஜியா ஊர் மாசு ஒவ்வொரு வசந்தத்திலும் பல்லக்கேறி ஒன்பது பகல் எட்டு இரவு, முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஊர்வலம் போகிறாள். பல்லக்கு கடந்து போகட்டும் என்று சாலையில் வரிசையாக முகம் குப்புறப் படுத்துக் கிடக்கிறார்கள். 2009இல் யுனெஸ்கோ மாசு வழிபாட்டைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. சுடலை எந்தப் பட்டியலிலும் இல்லை, வரிதாரர் நோட்டைத் தவிர.

எல்லைக் காவலுக்கு அங்கே இருப்பவர் ‘செங்ஹுவாங்’. பெயருக்கு நேர்ப்பொருள் மதிலும் அகழியும். ஒவ்வொரு நகரத்துக்கும் ஒருவர். செத்த அதிகாரிகளில் நேர்மையானவர்கள் இந்தப் பதவிக்கு வருவார்கள் என்பது நம்பிக்கை. உயிரோடிருப்பவர்களுக்கு மாஜிஸ்திரேட், செத்தவர்களுக்கு செங்ஹுவாங். மிங் வம்சத்தின் முதல் பேரரசர் 1369இல் இந்தத் தெய்வங்களுக்கு நகரத்தின் அளவுக்கேற்பப் பட்டங்கள் வழங்கினார். மறு ஆண்டே மனம் மாறிப் பட்டங்களைப் பிடுங்கிக்கொண்டார். கடவுளையே டிரான்ஸ்பர் ஆர்டரில் நடத்திய அரசாங்கம் அது. பிறகு வந்த அரசுகளில் கோயில் விழாக்களுக்கு ஏற்ற இறக்கம் நிறைய. 1966க்குப் பின் கலாச்சாரப் புரட்சியில் கோயில்கள் உடைபட்டன, ஊர்வலங்கள் நின்றன. எண்பதுகளில் கிராமத்துக் கிழவர்கள் நினைவிலிருந்தே முறைகளை மீட்டார்கள்.

மாடனுக்கு அவ்வளவு பெரிய சோதனை வரவில்லை. சின்னச் சோதனை ஒன்று வந்தது. கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுக்கும் சட்டம் தமிழகத்தில் 1950 முதலே இருந்தது. இருந்ததே பலருக்குத் தெரியாது. 2003 ஆகஸ்டில் அரசு அதைக் கண்டிப்பாக அமல்படுத்தச் சொன்னதும் கொடைகளுக்கு போலீஸ் வந்து நின்றது. கிடாவைக் கோயிலுக்குப் பின்னால் வெட்டுவதா, வீட்டில் வெட்டிக் கறியைப் படைப்பதா என்று ஊர்களில் பஞ்சாயத்து நடந்தது. 2004இல் சட்டமே திரும்பப் பெறப்பட்டது. அந்த விவாதத்தில் ‘சிறுதெய்வம்’ என்ற சொல் அடிக்கடி அடிபட்டது. சீவலப்பேரியிலிருந்து அரைமணிப் பயணத்தில் இருக்கும் பாளையங்கோட்டையில் பண்பாட்டு ஆய்வாளர் தொ. பரமசிவன் வாழ்ந்தார், தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியலுக்குத் தனித் துறையே இருக்கிறது. இந்தத் தெய்வங்களை மக்களின் வாழ்க்கையிலிருந்து படிக்க வேண்டும் என்ற குரல் இந்தப் பக்கத்திலிருந்து தொடர்ந்து வந்துகொண்டுதான் இருந்தது. ‘சிறு’ என்ற அடைமொழியை ஒட்டியவர்கள் படப்பின் அளவைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அதற்கு வெகு முன்பே வெள்ளைக்காரப் பாதிரிமார் இதைப் ‘பேய் வணக்கம்’ என்று எழுதிவிட்டார்கள். இடையன்குடியில் இருந்த கால்டுவெல் 1849இலேயே எழுதினார். அந்தக் காலப் பாதிரிமார் எழுத்துகளில் ஒரு செய்தி வருகிறது. 1809இல் திருவிதாங்கூர்ப் போரில் அடிபட்டு இறந்த ஆங்கிலேய அதிகாரி ஒருவரை இந்தப் பக்கத்தில் புதைத்தார்கள். சில வருடங்களில் சுற்றுவட்டாரத்து ஜனங்கள் அந்தக் கல்லறைக்குப் படையல் போடத் தொடங்கினார்கள். படையலில் வைத்தவை பிராந்தியும் சுருட்டும். உயிரோடிருந்தபோது அவருக்கு என்ன பிடித்ததோ அதையே வைத்திருக்கிறார்கள். அகால மரணம், ஆயுதம், மீசை என்று இறப்புக் கதைக்கு வேண்டிய லட்சணங்கள் துரைக்கும் பொருந்தின. மதம் யாருக்கும் தடையாகத் தெரியவில்லை.

மனிதர்களுக்குள் மட்டும் தடைகள் இருந்தன, இருக்கின்றன. முதல் மரியாதை யாருக்கு, திருநீறு யார் கையால், வேட்டை எந்தத் தெரு வழியாக என்ற கேள்விகளில் கொடை நின்றுபோன ஊர்கள் இந்தப் பள்ளத்தாக்கில் உண்டு. ஒரே மாடனுக்கு இரண்டு சாதியார் இரண்டு நாளில் தனித்தனியே கொடை கொடுப்பதும் உண்டு. 2021இல் சீவலப்பேரிச் சுடலை கோயிலின் பூசாரி ஒருவர் கொலை செய்யப்பட்டார். ஊரில் போலீஸ் குவிந்தது, போராட்டம் நடந்தது. காவல் தெய்வத்தின் ஊரில் மனிதர்களுக்குக் காவல் போட வேண்டியிருந்ததை அந்த ஊர்க்காரர்கள் வெளியாரிடம் பேச விரும்புவதில்லை. பயணக் கட்டுரையில் இதை விட்டுவிடுவதும் நியாயமாகாது.

வேட்டை முடிந்த விடியற்காலையில் ஆற்றங்கரை வேறு மாதிரி இருக்கும். கூட்டுத் துறையில் சிற்றாற்றுத் தண்ணீர் தனியாக, தாமிரபரணி தனியாகக் கொஞ்ச தூரம் நிறம் மாறாமல் போவதை வெள்ளக் காலத்தில் பார்க்கலாம். ராத்திரி முழுக்க மாடனாக இருந்தவர் தோளில் துண்டோடு குளிக்க இறங்குவார். உடம்பெல்லாம் மஞ்சணை, தொண்டை கட்டிப்போயிருக்கும். யாராவது “அண்ணாச்சி, டீ சொல்லட்டா?” என்று கேட்பார்கள். சாமி இறங்கிவிட்டது என்பதற்கு அதுவே அத்தாட்சி.

கொடை பார்க்கப் போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பகல் பூசைக்குப் போய்விட்டு இருட்டுவதற்குள் திரும்பினால் ஒன்றும் பார்த்ததாகாது. சாமம் வரை இருங்கள். பேர் கேட்டால் பேரைச் சொல்லுங்கள், உங்கள் சாத்தா எது என்று கேட்டால் அதையும் சொல்லுங்கள். சம்பந்தம் தேடித்தான் கேட்கிறார்கள். படப்புச் சோறு கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். வேட்டை கிளம்பும்போது கைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டு, பாதையை விட்டு ஒதுங்கி நில்லுங்கள்.